ஒரு கிராமில் கால் ஏக்கர்

காங்கேயத்தில் அதற்குத் தொட்டி என்று பெயர். நாகர்கோவிலிலும் யாழ்ப்பாணத்திலும் சிரட்டை என்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சி. தேங்காயிலிருந்து பருப்பை எடுத்த பின் மிஞ்சும் ஓடுதான். அகப்பையாக, பிள்ளைகளின் மணல் இட்லிக்கு அச்சாக, வெந்நீர் அடுப்புக்கு எரிபொருளாக அதை நாம் எல்லோரும் அறிவோம். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டிக்குள் அதுவே உட்கார்ந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து கழற்றிய பழைய கார்பன் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஒருநாள் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே கடுகை உடைத்தாற்போலக் கரிய மணிகள். முறத்தில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்தேன். ஏறத்தாழ கால் கிலோ. ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடி டம்ளர் நீரில் போட்டேன். மணிகள் மெல்ல அமிழ்ந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. காதை டம்ளர் விளிம்பில் வைத்தால் மிக மெல்லிய சலசலப்பு கேட்டது. கரியின் துளைகளில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு நீர் உள்ளே குடிபுகும் ஓசை அது.

அந்தத் துளைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால் ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறையாது. நம் கணக்கில் 25 சென்ட், கால் ஏக்கர். நான் அறுத்துப் பார்த்த கால் கிலோ கரிக்குள் 60 ஏக்கருக்கு மேல் நிலம் மடிந்து கிடந்தது. அந்த நிலத்தில் யார் வந்து ஒட்டிக்கொள்ள முடியும், யார் முடியாது என்பதை, கரி எந்தப் பொருளிலிருந்து பிறந்தது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. தேங்காய்த் தொட்டிக்கு ஒரு குணம், நிலக்கரிக்கு ஒரு குணம், மரத்துக்கு இன்னொரு குணம். கடைக்காரரிடம் ‘கார்பன் நல்லதா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். கேள்வி அங்கே தொடங்கவே கூடாது.

காங்கேயம் வட்டாரத்தில் பயணம் செய்தவர்கள் சாலையோரக் களங்களைப் பார்த்திருப்பார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் உரித்த தேங்காய்களை இரண்டாக உடைத்து, சிமென்ட் தளத்தில் வாய் மேலாகப் பரப்பியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் பூ பூத்த வயல் போலிருக்கும். வெயில் ஏற ஏறப் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகும். பெண்கள் குந்தியிருந்து பருப்பைப் பிரித்தெடுப்பார்கள். பருப்பு எண்ணெய் ஆலைக்குப் போகும். தொட்டி குவியலாக ஒரு மூலையில் சேரும். ஒரு காலத்தில் அது செங்கல் சூளைக்கும் டீக்கடை அடுப்புக்கும் போன சரக்கு. இன்று டன் கணக்கில் எடைபோட்டு விற்கிறார்கள். கரி சுடுபவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

கரி சுடுவது பழைய வித்தை. தரையில் ஆழமாகத் தோண்டிச் செங்கல் பதித்த குழி, அல்லது இரும்புப் பீப்பாய். அடியில் கொஞ்சம் தொட்டியைப் பற்றவைத்து, தீ மேலேறும்போது இன்னும் கொட்டி, குழி நிறைந்ததும் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். காற்று அதிகம் போனால் சாம்பல். குறைவாகப் போனால் அரைவேக்காடு. முதலில் கெட்டியான வெள்ளைப் புகை கிளம்பும். ஈரமும் தாரும் போகிற புகை அது. புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் வேலை முடிந்தது என்று பொருள். நன்றாக வெந்த தொட்டிக்கரியைத் தரையில் போட்டால் சில்லுப்போல ‘ணங்’ என்று ஒலிக்கும். உடைத்தால் உடைந்த முகம் பளபளக்கும். அரைவேக்காட்டுக் கரி மொத்தென்று விழும். கரியை வாங்குபவர் கையில் எடுத்ததுமே இதைச் சொல்லிவிடுவார்.

நூறு கிலோ தொட்டியைச் சுட்டால் முப்பது கிலோ கரி கிடைத்தால் நல்ல விளைச்சல். மீதி எழுபது கிலோ எங்கே போகிறது? அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. நீராவியாகவும் தாராகவும் அமிலமாகவும் ஃபீனால் வகைச் சேர்மங்களாகவும் அது புகையில் போகிறது. குழியைச் சீக்கிரம் ஆற்றுவதற்குத் தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து மண்ணில் இறங்குகிறது. திருப்பூர் மாவட்டத்தில் தொட்டிக்கரி சுடும் இடங்களுக்கு எதிராக ஊர்மக்கள் பலமுறை திரண்டிருக்கிறார்கள். கிணற்று நீர் நிறம் மாறிவிட்டது, வாயில் வைக்க முடியவில்லை, கால்நடை குடிக்க மறுக்கிறது என்பது அவர்கள் முறையீடு. எங்கோ ஒருவர் வீட்டுக் குடிநீர் சுவையாக இருப்பதற்கு இங்கே ஒரு கிணறு கெட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புகையைக் குழாயில் பிடித்து எரித்து, அந்த வெப்பத்தையே உலர்த்தவும் நீராவி எடுக்கவும் பயன்படுத்தும் உலைகள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றாமல் மூடி வைத்தே ஆற்றலாம். செலவு கூடும், அந்தச் செலவைக் கரியின் விலையில் சேர்க்கத்தான் வேண்டும்.

இப்படிச் சுட்ட கரி இன்னும் வெறும் கரிதான். துணி தேய்க்கும் பெட்டிக்கு ஆகும், குடிநீருக்குப் போதாது. அதன் துளைகள் பலவற்றைத் தாரும் எச்சங்களும் அடைத்திருக்கும். அவற்றைத் திறப்பதற்குத்தான் அடுத்த உலை. தீச்செங்கல் பதித்த நீண்ட இரும்புக் குழல், சற்றே சாய்ந்து, மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். உள்ளே 900 டிகிரி சூடு. ஒரு முனையில் கரி நுழைகிறது. உள்ளே நீராவியைச் செலுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் நீராவி கரியைத் தின்கிறது: கரியும் நீரும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறிப் பறந்துவிடும். கரையான் மரத்தைக் குடைவது போல நீராவி உள்ளே குடைந்துகொண்டே போகும். பல மணி நேரம் கழித்து மறுமுனையில் விழும்போது நுழைந்த கரியில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் துளை கூடும், ஆனால் சுவர் மெலியும், மணி நொறுங்கும். எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் ஆலைக்காரரின் அனுபவம் இருக்கிறது.

ஒரு டன் தொட்டிக்கரிக்கு ஏறத்தாழ 30,000 தேங்காய்களின் ஓடு வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மூன்று டன் கரிக்கு ஒரு டன் ஆக்டிவேட்டட் கார்பன் என்று வைத்தால், என் முறத்தில் கிடந்த கால் கிலோவுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட தேங்காய்கள். ஒரு தென்னையின் இரண்டு மூன்று குலை.

இனி அதன் உறவினர்களைப் பார்ப்போம்.

துளைகளை அறிஞர்கள் மூன்று அளவாகப் பிரிக்கிறார்கள். 2 நானோமீட்டருக்குக் கீழே நுண்துளை. 2 முதல் 50 வரை இடைத்துளை. அதற்கு மேல் பெருந்துளை. நம் ஊர் அமைப்பை வைத்துச் சொன்னால் பெருந்துளை நெடுஞ்சாலை, இடைத்துளை தெரு, நுண்துளை ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய முடுக்கு. தேங்காய்த் தொட்டிக் கரியில் பெரும்பகுதி முடுக்குகள். ஓட்டின் செல்கள் கல்போல இறுகி, லிக்னின் நிறைந்தவை. அந்த இறுக்கமே கரியிலும் குறுகிய துளைகளாகத் தொடர்கிறது. நிலக்கரியிலிருந்து செய்த கார்பனில் முடுக்கும் தெருவும் கலந்திருக்கும். பழுப்பு நிலக்கரியிலும் மரத்திலும் தெருக்களும் சாலைகளும் அதிகம்.

நீரில் வரும் விருந்தாளிகளும் ஒரே அளவில் இல்லை. குளோரோஃபார்ம், பல கரைப்பான்கள் எல்லாம் சின்ன மூலக்கூறுகள். சைக்கிளில் வருபவர்கள் போல, எந்த முடுக்குக்குள்ளும் நுழைந்துவிடுவார்கள். நுழைந்ததும் இருபக்கச் சுவரும் நெருங்கியிருப்பதால் நன்றாக ஒட்டிக்கொள்வார்கள். அகலமான தெருவில் அந்தப் பிடி கிடைக்காது. ஆனால் ஏரி, ஆற்று நீரில் இலை தழை அழுகி வரும் பழுப்பு நிறப் பொருள்கள் இருக்கின்றன. அவை லாரி. முடுக்கின் வாயில் லாரி வந்து நின்றால் அதுவும் போகாது, பின்னால் வரும் சைக்கிளையும் விடாது. தொட்டிக்கரி நிறமுள்ள ஆற்று நீரில் சீக்கிரம் களைத்துப்போவதற்கு இதுதான் காரணம். அதே நீரில் நிலக்கரிக் கார்பன் தெருக்களில் லாரிகளை நிறுத்திவிட்டு முடுக்குகளைச் சைக்கிள்களுக்குத் திறந்து வைத்திருக்கும்.

நிலக்கரி வந்த வழி வேறு. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வெட்டும் பிட்டுமின் நிலக்கரியும், சீனாவின் ஷான்சி மாகாணத்து டாடோங் நிலக்கரியும் இந்தத் தொழிலில் பேர்பெற்றவை. நல்ல ரகத்துக்கு நிலக்கரியை அப்படியே உலையில் போடுவதில்லை. முதலில் மாவாக அரைத்து, பசை சேர்த்து அழுத்திக் கட்டியாக்கி, மறுபடி உடைத்துச் சலித்து, பிறகே சுட்டு நீராவி காட்டுகிறார்கள். இந்தச் சுற்றுவழி வீண் அல்ல. மணியின் மேற்புறத்திலிருந்து நடுவரை ஒழுங்கான வழிகள் அமைவதால் உள்ளே போக வேண்டியது தடையில்லாமல் போகும். பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த ரகத்தையே விரும்புவதற்குக் காரணம் அது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் 1992 முதல் ஒஹாயோ ஆற்று நீரை ஆழமான கார்பன் படுகைகள் வழியே அனுப்புகிறது. களைத்த கரியை அங்கேயே உலையிலிட்டு உயிர்ப்பித்துத் திரும்பப் போடுகிறது. வீட்டுக் கார்ட்ரிட்ஜுக்கு அந்த மறுபிறவி இல்லை. குப்பைத் தொட்டிதான்.

நிலக்கரியிலும் குறை உண்டு. தொட்டிக்கரியில் சாம்பல் 3 சதவீத அளவில் இருக்கும். நிலக்கரிக் கார்பனில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சாம்பல் என்றால் நிலக்கரியில் ஒளிந்திருந்த கனிமங்களும் உலோகங்களும். ஆகவே குடிநீருக்குப் போகும் கரியிலிருந்து என்னென்ன கசிகிறது என்று சோதிப்பது தரவிதிகளில் முக்கியமான பகுதி. அமிலத்தில் கழுவிய கரி வேண்டும் என்று சிலர் கேட்டு வாங்குவதும் இதனால்தான். கடினத்தில் தொட்டிக்கு நிகர் இல்லை. உருட்டிக் குலுக்கும் சோதனையில் நூற்றுக்கு 98 பங்கு நொறுங்காமல் வெளியே வரும். தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கத் தொட்டிக்கரியைப் போடுவது இந்த உறுதிக்காக. கரி பொடிந்தால் அதோடு தங்கமும் போய்விடும்.

மரத்தூளில் பாஸ்பாரிக் அமிலத்தை ஊறவைத்து, 400, 500 டிகிரியிலேயே செய்கிற கார்பன் இன்னொரு கிளை. லேசானது, மென்மையானது, துளைகள் அகலம். சர்க்கரைப் பாகின் பழுப்பை எடுத்து வெள்ளையாக்குவதில் அது மன்னன். குடிநீரில் அதை மணியாகப் போடுவது குறைவு. பொடியாகத் தூவி, கலக்கி, வண்டலோடு வடித்துவிடுவார்கள். ஏரியில் பாசி பெருகி நீர் நாறும் மாதங்களில் மட்டும் பொடியைத் தூவி, மற்ற நாளில் நிறுத்திவிடலாம். பழுப்பு நிலக்கரி என்றால் நமக்கு நெய்வேலியும் மின்சாரமும் நினைவுக்கு வரும். டெக்சாஸில் அதிலிருந்து கார்பன் செய்கிறார்கள். நெதர்லாந்தில் பீட் எனும் சதுப்பு மண்ணிலிருந்து. இவற்றைப் பற்றி இங்கே இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெட்டிக்குள் இவை அநேகமாக வருவதில்லை.

கரி எப்படிக் குடிநீருக்குள் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கரி நிறத்தை எடுக்கும் என்பதை 1785இல் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் ரஷ்யாவில் இருந்துகொண்டு கண்டறிந்தார். நீராவியால் கரியைக் குடையும் முறைக்கு ஆஸ்திரெய்கோ என்பவர் 1900, 1901ஆம் ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். இரண்டுக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளி. அதன்பின் ஒரு கொடுமை வேகத்தைக் கூட்டியது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். நச்சுவாயுவிலிருந்து சிப்பாய்களைக் காக்கும் முகமூடிகளுக்குக் கரி தேவைப்பட்டது. அமெரிக்கர்கள் 1918இல் பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்துத் தரும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். தேங்காய் ஓட்டைத் தேடித் தேடி வாங்கினார்கள். கடினமான ஓடு சிறந்த கரியைத் தருகிறது என்ற அறிவு அந்த அவசரத்தில் உறுதியானது.

போர் முடிந்தது. ஆற்றங்கரைத் தொழிற்சாலைகள் ஆற்றில் விட்ட ஃபீனால், நகராட்சிகள் கிருமி நீக்கக் கலந்த குளோரினோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆனது. லிட்டரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே நீர் மருந்துக்கடை நெடி அடிக்கும். 1930 வாக்கில் நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக் குடிநீர் நிறுவனம் கரிப்பொடியைத் தூவி நாற்றத்தைப் போக்கிக் காட்டியதும் மற்ற ஊர்கள் அதைப் பின்பற்றின. கரிக்குழியிலிருந்து மண்ணில் இறங்குகிறது என்று முன்னே சொன்னேனே, அதே ஃபீனால் குடும்பம்தான். கரிக்குக் குடிநீரில் முதல் பெரிய வேலையே ஃபீனாலைத் தொடர்ந்து வந்த சுவையைத் துரத்துவதாக இருந்தது.

1974இல் இன்னொரு திருப்பம். ராட்டர்டாமில் ரூக் என்ற ஆய்வாளர், குளோரின் ஆற்று நீரின் பழுப்புப் பொருளோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்றவை உண்டாகின்றன என்று காட்டினார். அதுவரை நாக்குக்கும் மூக்குக்கும் வேலை செய்துகொண்டிருந்த கரி, அன்றுமுதல் உடல்நலத்துக்கும் காவலாளி ஆனது. முந்தைய ஆண்டு, 1973இல், இலங்கையில் ஹேகார்ப் நிறுவனம் சிரட்டைக் கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்யத் தொடங்கியிருந்தது. இன்று இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று தென்னை நிற்கும் நாடுகளிலிருந்து உலகத்தின் சமையலறைகளுக்குக் கரி போகிறது. மேற்கு நாடுகளில் அழியாத ஃபுளோரின் சேர்மங்கள் குடிநீரில் தென்படுவது இப்போதைய கவலை. 2024 ஏப்ரலில் அமெரிக்கா அவற்றில் இரண்டுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. அதை எட்டும் வழிகளில் கரிப்படுகை முதல் வரிசையில் நிற்கிறது.

வாங்கும் இடத்தில் நம்மைக் குழப்புவது ஒரே ஓர் எண்: அயோடின் எண். பள்ளி ஆய்வகத்தில் அயோடினுக்கு எதிராகத் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் கணத்தைக் கண்கொட்டாமல் பார்த்தது நினைவிருக்கும். அதே சோதனைதான். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடித்து வைக்கிறது என்று அளக்கிறார்கள். நல்ல தொட்டிக்கரி 1000, 1100 தரும். பழுப்பு நிலக்கரிக் கார்பன் 600 அருகே நின்றுவிடும். எண்ணை மட்டும் பார்த்தால் பழுப்பு நிலக்கரியைத் தள்ளிவிடுவோம். ஆனால் அயோடின் சின்ன மூலக்கூறு. முடுக்குகளை மட்டுமே அது எண்ணுகிறது. தெருக்களை அளக்க மெத்திலீன் நீலச் சோதனையும், சாலைகளை அளக்கச் சர்க்கரைப்பாகுச் சோதனையும் தனியே உண்டு. அயோடின் எண் உயர்ந்தது எல்லா நீருக்கும் உயர்ந்தது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் மணிக் கார்பனுக்கென்று ஐ.எஸ். 2752 என்ற தரத்தையே வைத்திருக்கிறது. ஈரம், சாம்பல், கடினம், அயோடின் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

சரி, நம் வீட்டுக்கு எது? நகராட்சிக் குழாயில் வரும் நீர் ஏற்கெனவே வடித்துக் குளோரின் கலந்தது. அதில் பழுப்பு லாரிகள் குறைவு. எடுக்க வேண்டியது குளோரினும் அதன் சின்னச் சின்ன வழித்தோன்றல்களும். அதற்குத் தேங்காய்த் தொட்டிக் கார்பனே என் தீர்ப்பு. பாசி படர்ந்த ஏரி நீர் குழாயில் வரும்போது ஒரு மண்நெடி அடிக்குமே, அதைத் தரும் ஜியாஸ்மின்தான் முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்கும் காரணம். லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதையும் தொட்டிக்கரி பிடிக்கும். ஆனால் நேரடியாக ஏரி, குளத்து நீரை வடிப்பவர்களுக்கும், ஊர் அளவிலான நிலையங்களுக்கும் நிலக்கரிக் கார்பனே பொருத்தம். விலையைப் பார்த்து இதற்கு அதை மாற்றிப் போட்டால் இரண்டுமே ஏமாற்றும்.

எந்தக் கரியும் செய்யாதவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். உப்பை எடுக்காது. கடினத்தன்மையை எடுக்காது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கார்பனைச் சோதிப்பவர் தெரியாமல் செய்கிறார், அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார். நைட்ரேட்டும் ஃபுளூரைடும் இதன் வழியே நேராகக் கடந்துபோகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லையும் எலும்பையும் பாதித்த ஃபுளூரைடுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரையே கொண்டுவர வேண்டியிருந்தது. ஜப்பான் கடனுதவியில் நிறைவேறிய அந்தக் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் வேலையை எந்தக் கரிப்பெட்டியும் செய்திருக்க முடியாது. கிருமியையும் கரி கொல்லாது. குளோரினை எடுத்துவிடுவதால் அதன்பின் வரும் நீருக்குக் காவல் இல்லை; இரவெல்லாம் தேங்கும் கார்ட்ரிட்ஜுக்குள் நுண்ணுயிர்கள் சுகமாகப் பெருகும். வீட்டு மேல்தொட்டிக்கு முன்னால் கார்பன் பொருத்தச் சொல்பவர்கள் இதை நினைப்பதில்லை. குளோரின் தொட்டிவரை இருக்கட்டும். குடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் எடுத்தால் போதும்.

ஆர்ஓ பெட்டியில் கார்பன் இரண்டு இடத்தில் இருக்கும். உப்பைத் தடுக்கும் மெம்பிரேனுக்கு முன்னால் இருப்பது மெம்பிரேனைக் காப்பதற்கு. குளோரின் பட்டால் அந்த மெல்லிய பாலிஅமைடு படலம் சிதைந்துவிடும். கடைசியில் இருப்பது சுவைக்கு. எங்கள் வீட்டில் ஒருமுறை பராமரிப்புக்கு வந்தவர் முன்கார்பனை மாற்றாமல் மாற்றியதாக எழுதிவிட்டுப் போய்விட்டார். சில மாதத்தில் நீர் உவர்த்தது, மெம்பிரேன் போயிருந்தது. கரி உயிரோடிருக்கிறதா என்று நானே பார்க்கக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான்.

அதைச் செய்வது எளிது. உள்ளாட்சிப் பணியாளர்கள் குழாயடியில் குளோரோஸ்கோப் என்று ஒரு சிறு பெட்டி வைத்துப் பார்ப்பார்களே, அதே சொட்டு மருந்து சோதனை. குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். குழாய் நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சொட்டு விட்டால் மஞ்சள் தெரியும். கார்பனைத் தாண்டி வந்த நீரில் விட்டால் நிறம் மாறக் கூடாது. அதிலும் மஞ்சள் தெரிந்தால் கரி முடிந்துவிட்டது, அட்டையில் எத்தனை மாதம் என்று எழுதியிருந்தாலும் சரி. சோதித்த நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

புதுக் கார்ட்ரிட்ஜ் மாட்டியதும் முதலில் வரும் கரிய நீரைத் தெளியும்வரை ஓடவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றுங்கள். கழற்றிய பழையதை வேலை செய்தவரிடமே கொடுத்தனுப்பாமல் கண்முன் வாங்கி வையுங்கள். புதியது தேங்காய்த் தொட்டியா நிலக்கரியா என்று கேளுங்கள், கரி சுட்ட ஊரின் கிணறு எப்படியிருக்கிறது என்றும் ஒருநாள் கேளுங்கள். கேட்டுவிட்டு, மாற்றிய தேதியை அழியாத பேனாவால் கூட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.